பெறுநர் மறுத்தார்

முதல் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்.

தண்டையார்பேட்டையில் எனக்கு ஒன்பது சந்து.
மீன்கூடை ஆட்டோவுக்கு சைக்கிளை ஒதுக்கி,
கன்டெய்னர் லாரிப் புழுதியில் கண்ணைச் சுருக்கி,
பழைய எண், புதிய எண் இரண்டும் பார்த்து
பதினோரு வருடமாகப் போடுகிறேன்.
உறையைப் பிரிக்கும் உரிமை எனக்கில்லை.

பழுப்பு உறை.
சிங்கங்களின் முகம் மங்கியிருந்தது,
ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தது போல.
அனுப்பிய இடம் புது தில்லி என்று அச்சு.
தபால் முத்திரை மாதவரம்.
பார்த்தேன்.
வெயில். இன்னும் நாற்பது வீடு.
கதவிடுக்கில் செருகிவிட்டு மிதித்தேன்.

எத்திராஜுலு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
உள்ளே இருந்த தாள் அவரிடம் சொன்னது:
தாங்கள் காலமானதாக எங்கள் பதிவேட்டில் உள்ளது.
உயிரோடிருப்பின் ஏழு நாளில்
ரூபாய் ஒன்பதாயிரத்து நானூறு செலுத்தவும்.
இது இரகசியம். யாரிடமும் சொன்னால்
பென்ஷன் நிரந்தரமாக நிற்கும்.

கட்டினார்.
மூலக்கடைக்குக் கட்டிக் கொடுத்த மகளிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது உறையோடு போன அன்று
கதவைப் பிடித்தபடி கேட்டார்:
"ஏம்மா ரெஜினா,
செத்துப்போனவனுக்கு லெட்டர் வருமா?"

சிரிக்கத்தான் வாய் திறந்தேன்.
அவர் முகம் சிரிப்புக்கு இடம் விடவில்லை.
உறையைத் திருப்பி, முத்திரைமேல் விரல் வைத்தேன்.
"தில்லிக்காரன் ஏன் சார்
மாதவரத்துல வந்து தபால் போடறான்?"

வெகுநேரம் பார்த்தார்.
"நாப்பது டன் தொங்கும்மா என் கையில.
ஆடுற ஆட்டத்துலயே எடை சொல்லுவேன்.
இந்தக் காயிதம்..."
மேலே பேசவில்லை.
நானும், போன தடவையே பார்த்துவிட்டதை
அன்றைக்குச் சொல்லவில்லை.

அப்புறம் வீடுவீடாகக் கேட்டேன்.
ஜெயசீலி பைபிளுக்குள் வைத்திருந்தாள்.
முனுரத்தினம், காலண்டருக்குப் பின்னால்.
பிலோமினா அரிசி டப்பாவில்,
அரிசிக்கு அடியில்.
ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் வந்ததென்று
தனியாகப் பயந்து, தனியாகக் கட்டி,
தனியாக வெட்கப்பட்டிருந்தார்கள்.
யாரிடமும் சொல்லாதே என்ற அந்த ஒரு வரி
ஒன்பது சந்திலும் ஒழுங்காகப் பட்டுவாடா ஆகியிருந்தது.

ஸ்டேஷனுக்கு ஏழு பேர் போனோம்.
பெஞ்சு ஒன்றுதான். முறை வைத்து உட்கார்ந்தார்கள்.
ரைட்டர் ஏழு உறையையும் வரிசையாக அடுக்கியபோது
முனுரத்தினம் சத்தமாகச் சொன்னார்,
"அட, உனக்கும் அதே சிங்கமா!"
அங்கேதான் முதல் சிரிப்பு.
பணம் இன்னும் வரவில்லை.

நவம்பர்.
உயிர்ச்சான்று எடுக்க
கைரேகை மெஷினோடு நானே போனேன்.
எத்திராஜுலு சங்கிலியைக் கழற்றாமல்
இடுக்கில் ஒரு கண் வைத்தார்.
"கார்டு காட்டு."
காட்டினேன்.
"என்னைத் தெரியாதா சார்?"
"ரெஜினாவைத் தெரியும்.
மெஷினைத் தெரியாது. நில்லு."

கதவு மூடியது.
உள்ளே போஸ்ட் ஆபீசுக்கு போன் போட்டு
என் பெயர், என் நம்பர், இன்றைய தேதி
ஒவ்வொன்றாய்க் கேட்பது காதில் விழுந்தது.
பன்னிரண்டு மணி வெயில் உச்சியைப் பிளந்தது.
இத்தனை சந்தோஷமாக
எந்த வாசலிலும் நான் காய்ந்ததில்லை.

லீவர் பிடித்துத் தேய்ந்த கட்டைவிரல்.
இரண்டு முறை மெஷின் அவரை ஒப்புக்கொள்ளவில்லை.
வேட்டியில் துடைத்து மூன்றாவது முறை அழுத்தினார்.
பச்சை விளக்கு.
"இருக்கேனா?"
"இருக்கீங்க சார்."
அப்போதுதான் சொன்னேன்,
மாதவரம் முத்திரையை முதல் நாளே பார்த்தேன் என்று.
அவர் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
"அடுத்த தபா வாயத் தொற" என்றார்.

கிளம்பும்போது ஒரு பழுப்பு உறையை நீட்டினார்.
மூன்றாவது. நான் லீவில் இருந்த நாளில் வந்தது.
பிரிக்கப்படவில்லை.
குறுக்கே சிவப்புப் பென்சிலில்,
எங்கள் இலாகா எழுதுவது போலவே:
பெறுநர் மறுத்தார்.

திருப்பி அனுப்ப அதில் முகவரி இல்லை.
பையில் தனியாகக் கிடக்கிறது.
ஒவ்வொரு சந்திலும் அதை வெளியே எடுத்து
முத்திரையைக் காட்டிவிட்டு
மறுபடி உள்ளே வைக்கிறேன்.